மூணு வேவ்கைடு சிமுலேஷன்: வெளிச்சம் 3வது கைடுல ஒழுங்கா போய் நிக்க மாட்டேங்குது, உதவி பண்ணுங்க

கொழிஞ்சாம்பாறை பையன்: அண்ணா, எம்எஸ்சி ப்ராஜெக்டுங்க. பத்தாவது வரை தமிழ் மீடியம், இப்ப கிளாஸ் மலையாளமும் இங்கிலீஷும் கலந்து ஓடுது, அதனால இங்க கேக்கறேன். பக்கத்து பக்கத்துல மூணு வேவ்கைடு (வெளிச்சத்த உள்ளயே கூட்டிட்டு போற மெல்லிய பாதை), 1ல வெளிச்சம் விட்டு மெதுவா 3க்கு நகத்தணும். பைத்தான்ல எழுதினேன், கப்ளிங் (பக்கத்து கைடுக்கு வெளிச்சம் தாவற அளவு) உச்சத்துல மில்லிமீட்டருக்கு 0.2, நீளம் 20 மில்லிமீட்டர். முதல்ல 1-2 கிட்ட வருது, அப்புறம் 2-3. கப்ளிங் ஏறி இறங்கற வளைவையும் சேத்து 25, 30ன்னு நீட்டினா ஒவ்வொரு தடவையும் 2க்கும் 3க்கும் பங்கு மாறிட்டே இருக்கு. மூணு நாளா தூக்கம் இல்லைங்க.

நகரி மணி: ஸ்டெப் சைஸ் (கணக்குல ஒவ்வொரு அடியோட நீளம்) பெருசா இருக்கும், குறைச்சுப் பாருங்க.

கொழிஞ்சாம்பாறை பையன்: குறைச்சேன், அதே பதில்தான். மூணு கைடு பவரையும் கூட்டினா மொத்தம் 1ன்னு சரியா வருது.

வேலந்தாவளம் அக்கா: அப்ப கோடுல தப்பில்ல தம்பி, வரிசைதான் தலைகீழா இருக்கு. முதல்ல 2-3 கிட்ட வரணும், அப்புறம்தான் 1-2. கேக்க விநோதமா இருக்கும், ஆனா நடு கைடுல வெளிச்சமே இல்லாத ஒரு நிலை இருக்கு, 1லயும் 3லயும் எதிரெதிர் குறியோட மட்டும் நிக்கும். 1-2 கப்ளிங் கிட்டத்தட்ட பூஜ்யமா இருக்கறப்ப அந்த நிலை முழுசா 1லதான். அங்க ஏறிட்டா கப்ளிங் விகிதம் மெல்ல மாற மாற அதுவே 3க்கு கொண்டுபோய் விடும். லேசரால அணுவோட ஆற்றல் நிலைய மாத்தற ஸ்டிராப் 1990ல வந்துச்சே, அதோட கணக்கேதான், நேரத்துக்கு பதிலா இங்க நீளம். 2007ல இத்தாலியில லாங்கி குழு இத வேவ்கைடுலயே செஞ்சு காட்டிட்டாங்க. மூணு கைடுக்கு மூணு நிலை, உன் வரிசையில வெளிச்சம் மத்த ரெண்டு நிலையில பிரிஞ்சு ஏறுது, அதான் நீளத்துக்கு நீளம் ஆடுது. 1க்கும் 3க்கும் பரவல் மாறிலி (கைடுல போகப்போக அலையோட கட்டம் எவ்வளவு மாறுதுங்கற எண்) ஒண்ணா இருக்கான்னும் பாரு.

கொழிஞ்சாம்பாறை பையன்: ஒண்ணுதாங்க்கா. வரிசைய மாத்தினேன், ஆனா 20ல நடுவுல நிறைய நிக்குதே?

வேலந்தாவளம் அக்கா: நீளம் பத்தல. 0.2ஐ 20ஆல பெருக்கினா 4தான், 20 கிட்டயாச்சும் வரணும். நிறைகுடத்தோட வரப்புல ஓடினா தளும்பத்தானே செய்யும்? 100 மில்லிமீட்டர் வச்சு, ரெண்டு வளைவுக்கும் இடைவெளி ஒரு வளைவோட அகலம் அளவுக்கு விடு. அப்புறம் நடு கைடுக்கு மட்டும் கொஞ்சம் இழப்பு சேத்து ஓட்டு.

கொழிஞ்சாம்பாறை பையன்: அக்கா!! 98 சதவீதத்துக்கு மேல 3ல வந்துருச்சு, 110, 120ன்னு மாத்தினாலும் அசையல. இழப்பு சேத்தும் ரொம்ப குறையல, நடுவுல வெளிச்சமே நிக்காதப்ப எங்க போயி இழக்கும்னு இப்பதான் புரியுது. கிராஃப் நாளைக்கு போடறேங்க.