புதுப்பிப்பு: 502 போய்விட்டது, ஆனால் இரண்டு தடவை

டாக்கரில் (செயலிகளைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) ஏற்றிய என் தளத்தில் 502 (முன்னால் நிற்கும் சர்வருக்குப் பின்னாலுள்ள ஆப்பிடமிருந்து சரியான பதில் கிடைக்கவில்லை என்ற பிழை) மட்டுமே வருகிறது, ஆப்பின் லாகிலோ ஒரு பிழையும் இல்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

ஆப் கண்டெய்னருக்குள் நுழைந்து கர்ல் (கட்டளை வரியிலிருந்து ஒரு பக்கத்தைக் கேட்கும் கருவி) போட்டால் பக்கம் ஒழுங்காக வந்தது. வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி ஆப்பிடம் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் சர்வரின் கண்டெய்னரிலிருந்து போட்டால் இணைப்பு மறுப்பு. அப்போதுதான் பொறி தட்டியது: ஆப் 127.0.0.1:3000-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. 127.0.0.1 என்பது லோக்கல்ஹோஸ்ட், அதாவது தன்னையே குறிக்கும் முகவரி. ஒவ்வொரு கண்டெய்னருக்கும் அதனதன் லோக்கல்ஹோஸ்ட்; பக்கத்துக் கண்டெய்னர் கதவைத் தட்டினால் உள்ளே கேட்காது. எல்லா முகவரிகளிலும் கேட்கச் சொல்லும் 0.0.0.0 என்று மாற்றியதும் தளம் எழுந்துவிட்டது. போர்ட் மேப்பிங்கோடு (கண்டெய்னரின் போர்ட்டை வெளியே திறந்துவிடுவது) நான் மல்லுக்கட்டியதெல்லாம் வீண். ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கண்டெய்னர்கள் தங்களுக்குள் பேச அது தேவையே இல்லை.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் ஆப்பை மட்டும் ரீபில்ட் செய்தேன், மறுபடி 502. என்ஜின்எக்ஸ் 172.18.0.3-ஐத் தேடிப் போகிறது, ஆப்போ 172.18.0.5-க்குக் குடிபெயர்ந்துவிட்டது. தான் தொடங்கும்போது கிடைத்த ஐபியையே என்ஜின்எக்ஸ் பிடித்துக்கொண்டிருந்தது. என்ஜின்எக்ஸை ரீலோட் செய்தால் போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் யார் செய்வது? என்ஜின்எக்ஸின் கான்ஃபிகில் டாக்கரின் 127.0.0.11-ஐ ரிசால்வராக (பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் சேவையாக) கொடுத்து, ஆப்பின் முகவரியை ஒரு வேரியபிளில் வைத்தேன். வேரியபிள் இருந்தால்தான் என்ஜின்எக்ஸ் ஐபியை மறுபடி தேடும் என்று தெரியாமல், ரிசால்வர் வரியை மட்டும் சேர்த்து ஒரு மணி நேரத்தைத் தொலைத்தேன்.

அப்புறம், நினைவகம் போதவில்லையோ என்ற என் பழைய சந்தேகம் தப்பு. கண்டெய்னர் 137 (வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டதைக் காட்டுவது) என்ற குறியீட்டோடு நின்றிருந்தால் அந்தப் பக்கம் பார்த்திருக்கலாம். என்னுடையது ஒருமுறைகூட நிற்கவில்லை.