புதராகிவிட்ட கொடித் தக்காளி: எதைக் கிள்ளுவது, எப்படிக் கட்டுவது?

கேள்வி:
நட்டு 50 நாள், வரிசையா நாலு செடி, எல்லாம் நாலரை அடி. ஊன்றின கம்பு விரல் தடிமன்தான், பாரம் தாங்காம சாயுது. பக்கக் கிளைகளை மொத்தமா எடுத்துடலாமா? சிலது பென்சில் தடிமன், பூவும் வெச்சிருக்கு.

பதில் 1:
முதல்ல ரகத்தைப் பாருங்க. நுனி பூங்கொத்தோட முடிஞ்சிருந்தா குட்டை ரகம். அதுல கிளையைக் கிள்ளினா விளைச்சலையே கிள்ளின மாதிரி. நுனி நிக்காம வளர்ந்தா கொடி ரகம்.

இலைக்காம்பும் தண்டும் சேர்ற இடுக்கில முளைக்கிறதுதான் பக்கக் கிளை. பூங்கொத்து இடுக்கில வராது, ரெண்டு இலைக்கு நடுவுல தண்டிலிருந்தே வரும். இது புரியாம பூவை ஒடிச்சிடறவங்கதான் அதிகம்.

5 செ.மீ.க்குள்ள இருக்கிறதை விரலால பக்கவாட்டுல சாய்ச்சா டக்குனு ஒடியும். இலை காய்ஞ்சிருக்கிற நாள்ல செய்ங்க, ஈரத்துல நோய் பரவும். வாரம் ஒருமுறை போதும்.

பென்சில் தடிமனை அடியோட வெட்டாதீங்க, காயம் பெருசாகும். பூவுக்கு மேல ரெண்டு இலை விட்டு நுனியை மட்டும் கிள்ளுங்க. முதல் பூங்கொத்துக்கு நேர் கீழே இருக்கிற கிளையை ரெண்டாவது தண்டா வளரவிடலாம், பொதுவா அதுதான் வலுவா இருக்கும்.

பதில் 2:
இப்போது செடியருகே புதுக் கம்பு அடித்தால் வேர் அறுபடும். வரிசையின் இரு முனைகளிலும், வேருக்கு எட்டாத தூரத்தில், 8 அடிக் கம்பங்களை ஒன்றரை அடி ஆழத்துக்கு ஊன்றுங்கள். உச்சியில் கம்பி இழுத்து, ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு கயிறு தொங்கவிடுங்கள். அடித்தண்டில் போடும் வளையத்துக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். இறுகும் சுருக்கு முடிச்சு போட்டால் தண்டு தடிக்கும்போது கயிறு அறுத்துவிடும்.

கயிற்றைத் தண்டின் மேல் ஒரே திசையில் சுற்றுங்கள். அது இலைக்காம்புக்கு அடியில் போகட்டும். பூங்கொத்துக்கு அடியில் போனால் காய் பாரத்தில் கொத்து முறியும்.

கேட்டவர்:
நன்றிங்க. அடி இலைகளையும் எடுக்கணுமா?

பதில் 3:
தரையிலிருந்து ஒரு அடி வரை எடுங்க. தண்ணி தெறிச்சு மண்ணிலிருக்கிற பூஞ்சணம் ஏறுறது அங்கதான். ஆனா ஒரே நாள்ல மொட்டையடிக்காதீங்க, ஒரு தடவைக்கு செடிக்கு ரெண்டு மூணு இலை போதும். காய்க்கு மேல நிழல் தர்ற இலையைத் தொடவே வேண்டாம். அது போனா காயில வெயில் பட்ட பக்கம் வெளுத்துக் காகிதம் மாதிரி ஆயிடும்.

இலை கரும்பச்சையா, பூ கம்மியா இருந்தா தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் அதிகம்னு அர்த்தம். அதை நிறுத்தாம கிளையை மட்டும் கிள்ளிட்டிருந்தா அடுத்த வாரமே மறுபடி புதர்தான்.