படித்ததை எழுத எப்போது நேரம் ஒதுக்குகிறீர்கள்?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். இப்போது காலையில் ஒரு கட்டுரைத் தொகுப்பு, பயணத்தில் சிறுகதைகள், இரவில் ‘பொன்னியின் செல்வன்’ மறுவாசிப்பு. ஐந்து பாகங்களில் மூன்றாவதான ‘கொலை வாள்’ ஓடுகிறது. 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக வந்த கதை அல்லவா, ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததற்கு இழுத்துக்கொண்டு போகிறது. கீழே வைக்க மனம் வருவதில்லை.

சரி, படித்ததைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால் மணி பன்னிரண்டு. மறுநாள் பார்த்தால் கதை நினைவிருக்கிறது, அதைப் படிக்கும்போது மனதில் எழுந்தது மறந்துவிடுகிறது. எனக்கு அதுதான் வேண்டும்.

வேலைக்கும் போய்க்கொண்டு, படிக்கவும் எழுதவும் செய்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? பக்க ஓரத்திலேயே குறிப்பா, குரல் பதிவா, வாரம் ஒருநாள் எழுத்துக்கு மட்டுமா? உங்கள் வழக்கத்தைச் சொல்லுங்கள், இந்த வாரமே முயன்று பார்க்கிறேன்.