குயில்ட்டுக்குத் தமிழ்: ‘நினைவுப் போர்வை’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம். துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் குயில்ட் (quilt) போர்வைக்கு நம் மடல்களில் தமிழ்ச் சொல் தேடிவருகிறோம். அங்கே வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

> பிள்ளைக்குச் சிறிதாகிப்போன சட்டைகளை வெட்டிச் சேர்த்துத் தைக்கும் குயில்ட்டை ‘நினைவுப் போர்வை’ எனலாமா?

வேண்டாம் என்பது என் கட்சி. ‘நினைவு’ தனியாக நிற்கும்போது நல்ல சொல்தான். இன்னொரு சொல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்தால் காது நினைவு நாள், நினைவு மண்டபம், நினைவுத் தூண் என்று ஓடிவிடுகிறது. பின்னால் ‘போர்வை’ வேறு. யார்மேல் போர்த்துவது என்று சொல்லவா வேண்டும்? நினைவுப் பரிசு என்கிறோமே என்பீர்கள். அங்கே ‘பரிசு’ வந்து காப்பாற்றிவிடுகிறது.

இன்னொரு குறை, செய்முறை அந்தப் பெயரில் இல்லை. மேலே துண்டுகளை இணைத்த முகத்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி, மூன்றையும் ஊடுருவி ஓடும் தையல்: இதுதான் குயில்ட். துண்டு சேர்ப்பது ஒரு வேலை, அடுக்குகளைப் பிணைப்பது வேறு வேலை. ஒற்றைத் துணியை முகமாக வைத்த குயில்ட்டும் உண்டு, பஞ்சே வைக்காத துண்டுவேலையும் உண்டு. போன மடலில் வந்த ‘ஒட்டுப்போர்வை’ முதல் வேலையோடு நின்றுவிடுகிறது. தவிர, ஒட்டுப் போட்டது என்றால் கிழிசலை மறைத்தது என்றே படும். இங்கே எதுவும் கிழியவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டது, அவ்வளவே.

என் பரிந்துரை ‘துன்னம்’. துன்னுதல் என்றால் தைத்தல். நெருங்குதல் என்றும் பொருள். நெருங்கியவர்களைத் ‘துன்னியார்’ என்கிறது குறள் (188). தையற்காரர்களைத் ‘துன்னகாரர்’ என்கிறது சிலப்பதிகாரம். ஆகவே குயில்ட் செய்யும் தையல் துன்னல், செய்து முடித்தது துன்னப்போர்வை, பிள்ளைச் சட்டைகளில் செய்தது மழலைத் துன்னம். அப்பாவின் பழைய சட்டைகளில் செய்தால் வேறு அடைமொழி போட்டுக்கொள்ளலாம்.

> துன்னம் வறுமைச் சொல் ஆயிற்றே ஐயா. பொருநராற்றுப்படையில் ‘துன்னற் சிதாஅர்’ ஈரும் பேனும் குடியிருக்கும் கந்தல்.

உண்மை. புறநானூறு 136இலும் அதே கதைதான். பாணர் உடையில் தையல் மேல் தையல், அந்த இடுக்கெல்லாம் பேன். ஆனால் திருவாசகத்தில் ‘துன்னம்பெய் கோவணம்’ கட்டியிருப்பவன் எல்லார்க்கும் ஈசன். அதற்குமேல் என்ன சான்று வேண்டும்? ஆங்கிலக் குயில்ட் மட்டும் என்ன, மெத்தையைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து இறங்கி வந்ததுதான். சொற்கள் இடம் மாறி உட்காரும்.

அகராதிக்குள்ளேயே நிற்பதாக நினைக்க வேண்டாம். ஒன்று தைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 6 அங்குலச் சதுரம், வரிசைக்கு 6, மொத்தம் 36. முடித்து அளந்தால் 33 அங்குலம்தான். சதுரத்தின் ஒவ்வொரு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் போய்விடுகிறது. வெளி ஓரத்தில் போவதை, சுற்றித் தைக்கும் பட்டி விழுங்குகிறது. இதை முன்கூட்டிக் கணக்கிடாமல் அடித்துணி வாங்கியது என் தவறு. அதைவிடத் தொல்லை பனியன் துணி. சின்னக் குழந்தைச் சட்டைகளில் பெரும்பாலானவை அதுதான். இழுத்தால் நீளும், வெட்டினால் ஓரம் சுருளும். சட்டையைப் பிரித்து, துணியின் உள்பக்கத்துக்கு அடியில் இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் துணியை வைத்துத் தேய்த்துவிட்டு, பிறகுதான் சதுரம் வெட்ட வேண்டும். இந்த வேலைகளை முன்பின்னாக மாற்றினால் சதுரம் சதுரமாக இருக்காது. அந்த ஒட்டும் துணிக்குத் ‘தாங்குதுணி’ என்று எழுதிவைத்திருக்கிறேன். டிச் பட்டன்களை ஒன்றுவிடாமல் வெட்டி எடுங்கள். ஊசி முறிவது இருக்கட்டும், போர்த்துக்கொள்ளும் பிள்ளை பிய்த்து வாயில் போடும்.

முதல் சட்டையில் கத்தரி வைக்கத்தான் கை வரவில்லை. மூன்று நாள் மேசைமேலேயே கிடந்தது. கடைசியில் பால் கறை படிந்ததைத்தான் முதலில் எடுத்தேன். கறையை ஒதுக்கி வெட்டாமல் சதுரத்துக்குள் வரும்படியே வைத்தேன்; அது போனால் அந்தச் சட்டை எதற்கு?

> மழலைத் துன்னம் என்று விரித்துச் சொல்லாமல் யாருக்குப் புரியும்? உங்கள் வீட்டில் எப்படிச் சொல்கிறீர்கள்?

மாட்டிக்கொண்டேன். வீட்டில் ‘சட்டைப் போர்வை’. மகள் வைத்த பெயர். அந்தப் பெயரில் அடுக்கும் இல்லை, பஞ்சும் இல்லை, ஆனாலும் எந்தப் போர்வை என்று யாரும் திரும்பக் கேட்டதில்லை. அப்படியானால் இப்படிச் செய்வோமா: தொழில்நுட்பச் சொல்லாகத் துன்னல், துன்னம், துன்னப்போர்வை மூன்றும் நம் சொற்பட்டியலில் ஏறட்டும். பிள்ளைச் சட்டையில் செய்ததற்குச் ‘சட்டைப்போர்வை’ என்பதையே முதன்மையாக வைத்து, மழலைத் துன்னத்தை நான் திரும்பப் பெறுகிறேன்.

நடுப் பஞ்சுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘இடைப்பஞ்சு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் செயற்கை இழையில் வருவதையும் பஞ்சு என்று சொன்னால் பொருந்துமா? தைக்கிறவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.