தண்ணிமலைச் சொந்தங்கள் குழு: ரதம் வீடியோவும் 504-உம்

[காலை 8:05] ஆயர் ஈத்தாம் சித்தப்பா: எல்லாருக்கும் வணக்கம் 🙏 நம்ம பினாங்கு தண்ணிமலைக் கோயில் ஊர்வலத்துல எடுத்த வெள்ளி ரதம் வீடியோவை நம்ம தளத்துல ஏத்தி, லிங்க்கை நேத்து ராத்திரி போட்டேன். காலையிலேர்ந்து தளமே திறக்கல. முகப்புப் பக்கத்துக்குக்கூட 504, அதாவது நேரத்துக்குள்ள பதில் வரலைங்கிற பிழை வருது. சர்வர் 2 கோர், 4 ஜிபி ரேம், 40 ஜிபி டிஸ்க், லைன் 100 எம்பிபிஎஸ். பெரிய சர்வருக்கு மாத்திடவா? மாசம் 150 வெள்ளி (ரிங்கிட்) கூட ஆகும்.

[8:07] புக்கிட் மெர்தாஜாம் அத்தை: எனக்குப் பாதி வரைக்கும் இறங்குச்சு தம்பி. லைன் அறுந்துச்சு, மறுபடி முதல்லேர்ந்து ஓடுது. மூணு தடவை ஆயிடுச்சு.

[8:11] பிரிக்பீல்ட்ஸ் அக்கா: சித்தப்பா, காசு கட்டாதீங்க. எது நிறைஞ்சு கெடக்குன்னு பார்த்துட்டுப் பேசுவோம். டாப் கமாண்டு போட்டு சிபியு வரியில டபிள்யூஏ (டிஸ்க்குக்காகக் காத்திருக்கிற சதவீதம்) எவ்வளவுன்னு பாருங்க, லைன்ல எவ்வளவு போகுதுன்னு பாருங்க, அப்புறம் பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பி நிரலை ஓட்டுற மென்பொருள்) லாக்.

[8:19] ஆயர் ஈத்தாம் சித்தப்பா: சிபியு 6% தான்மா. டபிள்யூஏ 30 கிட்ட. லைன்ல 40 எம்பிபிஎஸ்தான் போகுது. லாக்ல ஒரே வரி திரும்பத் திரும்ப வருது: மேக்ஸ் சில்ட்ரன் (ஒரே நேரத்துல வேலை செய்யுற பிஎச்பி ஆளுங்க எண்ணிக்கை) 5-ஐத் தொட்டுடுச்சு, கூட்டிப் பாருங்கன்னு. 50 ஆக்கிடலாமா?

[8:20] பிரிக்பீல்ட்ஸ் அக்கா: ஆக்காதீங்க! டவுன்லோட் பிஎச்பி வழியாப் போகுதா?

[8:21] ஆயர் ஈத்தாம் சித்தப்பா: ஆமா. எத்தனை பேர் எடுத்தாங்கன்னு எண்ணுறதுக்கு ரீட்ஃபைல் (ஃபைலை பிஎச்பியே படிச்சு அனுப்புற கட்டளை) போட்டிருக்கேன்.

[8:26] பிரிக்பீல்ட்ஸ் அக்கா: அதுதான் சிக்கல். ரீட்ஃபைல் ஓடுற வரைக்கும் அந்த பிஎச்பி ஆளு வேற வேலைக்கு வர மாட்டாரு. உங்ககிட்ட இருக்கிறதே 5 பேரு. 5 பேரும் 2.4 ஜிபி ஃபைலைத் தூக்கிட்டு நிக்கிறாங்க. முகப்புப் பக்கம் கேட்டு வர்றவங்க வரிசையில 60 விநாடி நின்னு பார்த்துட்டு 504 வாங்கிட்டுப் போறாங்க. 50 ஆக்கினா 50 பேரும் அதே மாதிரி மாட்டுவாங்க, அவ்வளவுதான்.

[8:29] பட்டர்வொர்த் அண்ணன்: டிஸ்க்கும் நிறைஞ்சிடும். எஃப்பிஎம் கொடுக்கிற வேகத்துக்கு போன்ல இறங்காது இல்லையா, மிச்சத்தை என்ஜின்எக்ஸ் (முன்னாடி நிக்கிற வெப் சர்வர் மென்பொருள்) ஒரு தற்காலிக டெம்ப் ஃபைல்ல எழுதி வச்சுக்கும். ஒரு டவுன்லோடுக்கு 1 ஜிபி வரைக்கும் எழுதும், டிஃபால்ட் அதுதான். 50 பேர் வந்தா 50 ஜிபி, சித்தப்பாகிட்ட இருக்கிறது 40. அந்த டபிள்யூஏ 30-க்கும் இந்த எழுத்துதான் காரணம்னு நினைக்கிறேன். இருக்கிற ஃபைலையே படிச்சு இன்னொரு இடத்துல எழுதுது.

[8:31] ஆயர் ஈத்தாம் சித்தப்பா: அதான் டிஎஃப் (டிஸ்க்ல நிறைஞ்ச இடம்) 88% காட்டுது! டியூ (ஃபோல்டர் வாரியா அளவு) போட்டுத் தேடினேன், எந்த ஃபோல்டர்லயும் அவ்வளவு பெரிய ஃபைல் இல்லையே.

[8:33] பட்டர்வொர்த் அண்ணன்: கண்ணுக்குத் தெரியாது சித்தப்பா. என்ஜின்எக்ஸ் அந்த ஃபைலைத் திறந்த கையோட பேரை அழிச்சிடும். பேரு இல்லாததால டியூ எண்ணாது. இடம் பிடிச்சிருக்கிறதால டிஎஃப் எண்ணும். திறந்திருக்கிற ஃபைலைக் காட்டுற எல்எஸ்ஓஎஃப்-ல பிளஸ் எல் 1 (+L1) போட்டுப் பாருங்க, வரிசையா நிக்கும்.

[8:36] ஆயர் ஈத்தாம் சித்தப்பா: அடேயப்பா. அஞ்சு நிக்குது. நாலு சரியா 1 ஜிபி.

[8:44] பிரிக்பீல்ட்ஸ் அக்கா: சரி, இப்ப மாத்துறது இப்படி. பிஎச்பி எண்ணிட்டு விலகிடணும், ஃபைலை என்ஜின்எக்ஸே கொடுக்கணும். ரீட்ஃபைல் வரியை எடுத்துட்டு எக்ஸ்-ஆக்ஸெல்-ரீடைரெக்ட்னு ஒரு ஹெடர் (பதிலோட போற தகவல் வரி) அனுப்புங்க, மதிப்பு /காப்பு/ஃபைல்பேர். என்ஜின்எக்ஸ் செட்டிங் ஃபைல்ல /காப்பு/ங்கிற முகவரிக்கு லொகேஷன் பகுதி ஒண்ணு திறந்து உள்ளே இன்டர்னல்னு எழுதுங்க, அப்பதான் வெளியிலேர்ந்து நேரா யாரும் கேட்க முடியாது. அலியாஸ்ல உண்மையான ஃபோல்டர். லொகேஷன் சாய்கோட்டுல முடிஞ்சா அலியாஸும் சாய்கோட்டுல முடியணும், இதை விட்டுட்டு 404-ஐப் (ஃபைல் கிடைக்கல) பார்த்து முழிக்கிறவங்க நிறைய. ஃபைல் பேருல தமிழோ இடைவெளியோ இருந்தா ஹெடர்ல சதவீதக் குறி என்கோடிங்கா மாத்தி அனுப்புங்க. அதே லொகேஷன்ல சென்ட்ஃபைல் (ஃபைலை நேரா அனுப்புறது) ஆன், ஜிசிப் (சுருக்கி அனுப்புறது) ஆஃப். எம்பி4 ஏற்கெனவே சுருங்கினது, மறுபடி சுருக்கப் போனா சிபியுதான் வீணாகும்.

[8:47] பிரிக்பீல்ட்ஸ் அக்கா: அத்தை, உங்க பிரச்சினையும் இதுலயே தீர்ந்திடும். பிஎச்பி வழியா வந்தப்ப விட்ட இடத்துலேர்ந்து கேட்க வழி இல்ல. என்ஜின்எக்ஸ் நேரா கொடுத்தா 206, அதாவது கேட்ட பகுதி மட்டும் தர்ற பதில் வரும், அறுந்த இடத்துலேர்ந்து தொடரும். உங்க ஒருத்தருக்கே மூணு தடவை போயிருக்கு. எல்லாருக்கும் இப்படின்னா பாதி பாரம் அதுதான்.

[8:49] ஆயர் ஈத்தாம் சித்தப்பா: அப்போ தொடர்ந்து எடுக்கிறவங்களை என் கணக்கு திரும்ப எண்ணுமே?

[8:51] பிரிக்பீல்ட்ஸ் அக்கா: எண்ணும். எந்த இடத்துலேர்ந்து வேணும்னு சொல்ற ரேஞ்ச் ஹெடர் இல்லாததையும் 0-லேர்ந்து கேட்கிறதையும் மட்டும் எண்ணுங்க. என்னைக் கேட்டா அந்த பிஎச்பியே வேணாம் சித்தப்பா, என்ஜின்எக்ஸோட ஆக்ஸஸ் லாக்ல எல்லாம் இருக்கு. ஆனா அது இன்னிக்கு வேணாம்.

[9:10] பட்டர்வொர்த் அண்ணன்: இது முடிஞ்சதும் அடுத்த அடைப்பு லைன். 100 எம்பிபிஎஸ்னா விநாடிக்கு 12.5 எம்பி. 60 பேர் 2.4 ஜிபி எடுத்தா 144 ஜிபி. எந்த செட்டிங் போட்டாலும் 3 மணி 12 நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் பக்கங்களும் நகராது. அதனால டவுன்லோடுக்கு வரம்பு வைங்க. லிமிட் ரேட் (ஒரு கனெக்ஷனுக்கு வேகம்) விநாடிக்கு 500 கேபி, மொத்தத் தளத்துக்கும் சேர்த்து லிமிட் கனெக்ஷன் (ஒரே நேரத்துல ஓடுற டவுன்லோட்) 20. ரெண்டையும் பெருக்கினா விநாடிக்கு 10 எம்பி, மிச்சம் 2.5 பக்கங்களுக்கு. இருபத்தொண்ணாவது ஆளுக்கு டிஃபால்ட்டா 503 (சேவை இல்ல) போகும், அதை 429 (கோரிக்கை அதிகம்) ஆக்கி, கொஞ்ச நேரம் கழிச்சு வாங்கன்னு தமிழ்ல ஒரு பக்கம் வைங்க.

[9:12] ஆயர் ஈத்தாம் சித்தப்பா: ஒரு ஐபிக்கு ஒண்ணுன்னு வச்சா போதாதா?

[9:14] பட்டர்வொர்த் அண்ணன்: அது ஆபத்து. கைபேசி லைன்ல ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னாடி நூத்துக்கணக்கான பேர் இருப்பாங்க. ஒருத்தர் எடுத்தா மத்த எல்லாரும் மாட்டுவாங்க. 8, 16 கனெக்ஷன் திறக்கிற டவுன்லோட் மேனேஜரைக் கட்டுப்படுத்த வேணும்னா ஐபிக்கு 6 வைங்க, அதுக்குக் கீழே போகாதீங்க.

[9:15] புக்கிட் மெர்தாஜாம் அத்தை: 500 கேபின்னா எவ்வளவு நேரம்?

[9:15] பட்டர்வொர்த் அண்ணன்: 80 நிமிஷம் அத்தை.

[9:16] புக்கிட் மெர்தாஜாம் அத்தை: பாட்டிக்குக் காட்டணும்பா. அவ்வளவு நேரம் போன் தாங்காது.

[9:24] பிரிக்பீல்ட்ஸ் அக்கா: ஃபைலைச் சின்னதாக்குவோம் அத்தை. 40 நிமிஷம் 2.4 ஜிபின்னா 8 எம்பிபிஎஸ்ல பதிவானது. 720பி, 2.5 எம்பிபிஎஸ், ஒலி 128 கேபிபிஎஸ் வச்சா 790 எம்பிக்குள்ள வந்திடும். 1 எம்பிபிஎஸ்க்கு இறக்கிடாதீங்க சித்தப்பா. ரதத்துக்கு முன்னாடி தேங்காய் உடைக்கிறாங்களே, சில்லும் தண்ணியும் தெறிக்கிற அந்த இடம் கட்டம் கட்டமா உடைஞ்சு போயிடும். சுருக்குறதை ரெண்டு பாஸ் (ரெண்டு சுத்து) ஓட விடுங்க, அசையாத இடத்துல மிச்சம் பிடிச்சு தேங்காய்க்குக் கொடுக்கும். ஃபாஸ்ட்ஸ்டார்ட் மறந்துடாதீங்க. அது ஃபைலோட அட்டவணையை முன்னாடி கொண்டுவந்து வைக்கும், போன் கொஞ்சம் இறங்கினதுமே ஓட ஆரம்பிக்கும்.

[9:27] பட்டர்வொர்த் அண்ணன்: 790-ன்னா நம்ம குழுவுல இருக்கிறவங்க சர்வருக்கே வர வேணாம். வாட்ஸ்அப்ல டாக்குமெண்ட்டா 2 ஜிபி வரைக்கும் போகும். வீடியோவா அனுப்பாதீங்க சித்தப்பா, அது தன் இஷ்டத்துக்குச் சுருக்கிடும்.

[9:31] ஆயர் ஈத்தாம் சித்தப்பா: நல்லது. ஆனா கோலாலம்பூர், ஈப்போன்னு வெளியூர்க்காரங்க கேட்பாங்களே. கோயிலுக்கு வர முடியாதவங்களுக்காகத்தான் எடுத்தது.

[9:40] பிரிக்பீல்ட்ஸ் அக்கா: அவங்களுக்கு கிளவுட்ஃப்ளேர் ஆர்2, இணையத்துல ஃபைல் சேமிச்சு வைக்கிற சேவை. மாசம் 10 ஜிபி சேமிப்பு இலவசம், வெளியே போற டேட்டாவுக்குக் கட்டணம் இல்ல. 2.4 ஜிபி மூலமும் சின்னதும் சேர்த்தாலும் 3.2 ஜிபிதான். பிரௌசர்ல ஏத்தாதீங்க, அங்க ஒரு ஃபைலுக்கு 300 எம்பிதான் எடுக்கும். ஆர்குளோன்னு ஃபைல் ஏத்துற மென்பொருள் இருக்கு, அதை வச்சு ஏத்துங்க. அவங்க சும்மா கொடுக்கிற ஆர்2 டெவ் முகவரியைப் பகிராதீங்க, அது சோதிச்சுப் பார்க்கத்தான், கூட்டம் வந்தா மறிச்சிடும். நம்ம டொமைன்லயே ஒரு துணை டொமைன் கட்டிக் கொடுத்துடுங்க. கிளவுட்ஃப்ளேரோட சாதாரண இலவச சிடிஎன் (நகல் வச்சு அங்கேர்ந்தே கொடுக்கிற சேவை) வழியா விடலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க, அதுல 512 எம்பிக்கு மேல கேஷ் ஆகாது. ஒவ்வொரு தடவையும் உங்க சர்வருக்கே திரும்பி வரும்.

[9:42] பட்டர்வொர்த் அண்ணன்: டொரண்ட்? ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தர் எடுத்துக்கலாமே.

[9:42] பிரிக்பீல்ட்ஸ் அக்கா: சொந்தக்காரங்க போன்ல யாருண்ணே டொரண்ட் வச்சிருக்காங்க. வேணாம்.

[காலை 11:05] ஆயர் ஈத்தாம் சித்தப்பா: ரீட்ஃபைலை எடுத்து 40 நிமிஷம் ஆச்சு. முகப்புப் பக்கம் சட்டுனு திறக்குது, எஃப்பிஎம் லாக்ல புது வரி இல்ல, டபிள்யூஏ 2. டிஎஃப் 75%-க்கு இறங்கிடுச்சு. 720பி முதல் பாஸ் ஓடுது. சர்வர்ல ஓட விடல, வீட்டு லேப்டாப்லதான்.

[11:07] பிரிக்பீல்ட்ஸ் அக்கா: வரம்பு போட்டாச்சா சித்தப்பா?

[11:08] ஆயர் ஈத்தாம் சித்தப்பா: 500-உம் 20-உம் போட்டாச்சு, ஐபிக்கு 6. இப்ப 17 பேர் எடுத்துட்டு இருக்காங்க. ஆர்2 சாயங்காலம் கட்டுறேன்.

[11:09] புக்கிட் மெர்தாஜாம் அத்தை: சின்ன ஃபைல் வந்ததும் முதல்ல இங்க போடு தம்பி. டாக்குமெண்ட்டா.