புதுப்பிப்பு: முழு விலை கொடுத்த பிறகும் கடை விரிக்கும் கேம்கள்

முழு விலை கொடுத்து வாங்கும் கேமுக்குள் மறுபடியும் காசு கேட்டால் அதை வாங்கலாமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பொறுத்துப் பாருங்கள் என்றே பலரும் சொன்னீர்கள்.

பொறுத்தது நல்லதாயிற்று. எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு கிடைத்தது. 2017 நவம்பரில் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2’ என்ற கேம் வெளிவரும் தறுவாயில், அதில் டார்த் வேடர் என்ற வில்லன் பாத்திரத்தைப் பெற 60,000 கிரெடிட் (கேமுக்குள் சேர்க்கும் பணம்) தேவை என்றிருந்தது எதிர்ப்பு கிளம்பியதும் 15,000 ஆயிற்று. வெளியீட்டுக்கு முந்தைய நாள் உண்மைப் பண விற்பனையே நிறுத்தப்பட்டு, 2018இல் தோற்றத்தை மாற்றும் பொருள்களுக்கு மட்டும் திரும்பியது. ஆகவே, காசு கொடுத்தவருக்கு ஆட்டத்தில் வலிமை கூடுகிறதா, உடை மட்டும் மாறுகிறதா என்பதையே இப்போது பார்க்கிறேன்.

நான் வாங்க நினைத்த கார் பந்தய கேமில் (பெயர் வேண்டாம்) பரிசுத் தொகையைச் சுருக்கி வைத்துவிட்டு, வேகமான காரைத் தனியே விற்கிறார்கள். வாங்கவில்லை. தம்பி மகன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.