புதுப்பிப்பு: ஜூனியர் ஹாக்கிப் பசங்க வரிசை, வெண்கலத்துக்குப் பிறகு

2025 ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வென்றது. அதற்கு முன்னால் நம் ஜூனியர் வீரர்களைத் தரவரிசைப்படுத்தி இங்கே போட்ட வரிசையில் அரைஜீத் சிங் ஹுண்டல் முதலிடம், ஷர்தானந்த் திவாரி இரண்டு, கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் ஐந்து. "கோல்கீப்பரை எதுக்கு இவ்வளவு கீழே தள்ளினீங்க?" என்று பலர் சண்டைக்கு வந்தார்கள். இப்போது அவருக்குத்தான் முதலிடம். காலிறுதியில் பெல்ஜியத்தோடு 2-2, பிறகு ஷூட்அவுட்டில் 4-3. ஷூட்அவுட்டில் கீப்பரை ஒருவர் மட்டும் எதிர்கொள்வார்; 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு ஓடிவருபவருக்கு கோல் போட 8 விநாடிதான். கீப்பர் அவசரப்பட்டுப் படுத்துவிட்டால் பந்தைச் சுற்றிக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். பிரின்ஸ்தீப் காலில் நின்றே கோணத்தைக் குறுக்கினார். அந்தத் தொடரில் பயிற்சியாளர், இந்தியாவின் முன்னாள் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஆச்சே, வேறெப்படி இருக்கும்!

ஷர்தானந்த் இரண்டிலேயே இருக்கட்டும். டிராக்ஃபிளிக், அதாவது பந்தை மட்டையால் இழுத்துச் சுழற்றி எறிவது, தெரிந்தவருக்கு சீனியர் அணியின் கதவு சீக்கிரம் திறக்கும். பெனால்டி கார்னரில் (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும், கோல்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளித் தொடங்கும் வாய்ப்பு) கோலை நோக்கிய முதல் அடி ஓங்கி அடிப்பதாக இருந்தால் பந்து கோலுக்குள் இருக்கும் 46 செ.மீ. உயரப் பலகைக்கு மேல் போகக்கூடாது. ஃபிளிக்குக்கு அந்த வரம்பு கிடையாது. வெண்கலப் போட்டியில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல் போட்டார்களே, அதில் ஒன்று இவருடைய பெனால்டி ஸ்ட்ரோக் (கீப்பர் மட்டும் எதிரே நிற்க நேராகக் கோலுக்கு அடிப்பது).

அன்மோல் எக்கா மூன்றுக்கு ஏறுகிறார். ஜெர்மனியிடம் 1-5 என்று உதை வாங்கிய அரையிறுதியிலும் நம் ஒரே கோல் அவருடையது.

அரைஜீத் நான்கு. 2024 ஜூனியர் ஆசியக் கோப்பை இறுதியில் பாகிஸ்தானுக்கு எதிராகப் போட்ட நான்கு கோல் மறக்கவில்லை. ஆனால் பெரிய அணிகள் கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் இடமே விடுவதில்லை; முதல் தொடுதலிலேயே பந்தை அடக்கினால்தான் அங்கே ஷாட் கிடைக்கும்.